முக்கால் சுத்து: ஆயில் ஃபில்டரை எவ்வளவு இறுக்குவது?

வண்டி எஞ்சினின் பழைய ஆயிலை இறக்குவது யாருக்கும் வரும். ட்ரெயின் நட்டைக் கழற்றினால் தானாக இறங்கிவிடும். புது ஆயிலை ஊற்றவும் பெரிய படிப்பு வேண்டாம். வீட்டு வாசலில் முதன்முறையாக ஆயில் மாற்றுகிறவருடைய கை தயங்கி நிற்கிற இடம் ஒன்றுதான். புது ஃபில்டரைச் சுற்றி ஏற்றியாயிற்று, ரப்பர் போய் ஒட்டிவிட்டது, இனி எவ்வளவு இறுக்குவது? லூசாக விட்டால் ஒழுகுமோ என்ற பயத்தில் ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுத்து சுற்றிவிடுகிறோம்.

பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டாலும் அதே பயம்தான் பதிலாக வரும்.

"அண்ணே, இது போதுமா?"

"நல்லா இறுக்குடா தம்பி. போற வழியில கழண்டுச்சுன்னா என்ன பண்ணுவ?"

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிப் போகிறவர் இப்படிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டிவிட்டால் அரிச்சல்முனை வரைக்கும் இரண்டு பக்கமும் கடலும் மணலும்தான். அங்கே ஆயில் கொட்டினால் உதவிக்கு ஆள் தேட வேண்டும். ஆனால் அந்த அண்ணன் சொன்ன "நல்லா" என்பதற்கு ஓர் அளவு உண்டு. அது ஏன் அந்த அளவு என்று தெரிந்துகொண்டால் கை தானாக அங்கே நின்றுவிடும்.

அடைப்பது எது?

சுழற்றி மாட்டும் டப்பா வகை ஃபில்டர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டை, அதைச் சுற்றி வட்டமாகச் சின்ன ஓட்டைகள், விளிம்பில் கறுப்பு ரப்பர் வளையம். பம்ப் தள்ளுகிற ஆயில் சின்ன ஓட்டைகள் வழியே உள்ளே நுழைந்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் வடிதாளைத் தாண்டி, சுத்தமாகி, நடு ஓட்டை வழியே எஞ்சினுக்குப் போகிறது. ஆக வளையத்துக்கு உள்பக்கம் பம்ப்பின் முழு அழுத்தத்தில் ஆயில் நிற்கிறது, வெளிப்பக்கம் வெறும் காற்று. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த ரப்பர் ஒன்றுதான்.

மரையின் வேலை டப்பாவைப் பிடித்துக்கொள்வது. ஆயிலை நிறுத்துவது ரப்பர். குக்கர் கேஸ்கெட் தளர்ந்துபோனால் மூடியை எப்படி அழுத்தி மூடினாலும் ஓரத்தில் ஆவி பீய்ச்சுகிறதே, அதே சங்கதிதான் இங்கேயும். ரப்பர் அளவாக நசுங்கி, எதிரே இருக்கும் எஞ்சின் முகத்தில் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படிய வேண்டும். அதற்கு மேல் நசுக்கினால் அது ஓரத்தில் பிதுங்கும், வெட்டுப்படும், சீக்கிரம் இறுகிச் செத்துப்போகும்.

எவ்வளவு விசை இங்கே வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். வளையத்தின் குறுக்களவு 6.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பரப்பு ஏறக்குறைய 33 சதுர செ.மீ. ஆறிக் கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுக்கும்போது ஆயில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 5 கிலோ வரை போகலாம். பெருக்கினால் 165 கிலோ. இரண்டு ஆள் எடைக்கும் அதிகமான ஒரு விசை ஃபில்டரை எஞ்சினிலிருந்து பிய்த்தெடுக்கப் பார்க்கிறது. இதைப் படித்ததும் "அப்படியானால் இன்னும் இறுக்க வேண்டாமா?" என்றுதான் தோன்றும். வேண்டாம். அந்த விசையைத் தாங்குவது மரையின் பற்கள். சரியான ஃபில்டராக இருந்து, பற்கள் முழுசாக ஏறியிருந்தால் அவை தாங்கிக்கொள்ளும். கூடுதலாக அரைச் சுத்து சுற்றுவதால் பல்லின் பலம் கூடிவிடாது, ரப்பருக்குத்தான் கஷ்டம்.

தொட்ட இடத்திலிருந்து எண்ணுங்கள்

பெரும்பாலான டப்பா ஃபில்டர்களின் மேல் அச்சிட்டிருப்பது இதுதான்: ரப்பர் எஞ்சினைத் தொட்ட பிறகு முக்கால் சுத்து. சிலவற்றில் அரைச் சுத்து முதல் முக்கால் வரை என்றும், சிலவற்றில் ஒரு முழுச் சுத்து என்றும் இருக்கும். உங்கள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே சட்டம். நான் உட்பட வேறு யார் சொல்வதையும் அதற்கு மேல் வைக்காதீர்கள்.

விசையைச் சொல்லாமல் ஏன் சுத்துக் கணக்கைச் சொல்கிறார்கள்? கார் ஃபில்டர்களில் நிறையப் புழங்குவது 20 மி.மீ. குறுக்களவும் 1.5 மி.மீ. இடைவெளியும் உள்ள மரை. அதாவது ஒரு முழுச் சுத்துக்கு ஃபில்டர் 1.5 மி.மீ. முன்னேறும். முக்கால் சுத்துக்கு 1.1 மி.மீ.க்குச் சற்று அதிகம். ரப்பர் எவ்வளவு நசுங்கினால் ஒழுகாது என்று கம்பெனிக்காரர் முன்பே கணக்குப் போட்டு, அந்த ஒரு மில்லிமீட்டரைச் சுத்தாக மாற்றி நம்மிடம் கொடுத்திருக்கிறார். ஆளுக்கு ஆள் கைபலம் மாறும். அழுக்கு மரை, காய்ந்த ரப்பர், எண்ணெய்க் கை எல்லாம் சேர்ந்து 'இறுகிவிட்டது' என்று பொய் சொல்லும். திரும்பிய தூரம் அப்படி ஏமாற்றாது.

இதில் முக்கால் சுத்தைவிட முக்கியம், எண்ணத் தொடங்குகிற இடம். ஃபில்டரை விரல் நுனியால் சுற்றிக்கொண்டே போங்கள். வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது ஓர் இடத்தில் லேசாகப் பிடிக்கத் தொடங்கும். ரப்பர் எஞ்சினைத் தொட்டது அங்கேதான். நிறுத்துங்கள். மார்க்கர் பேனாவால் டப்பாவில் ஒரு கோடு, அதற்கு நேராக எஞ்சினில் ஒரு கோடு. பல ஃபில்டர்களின் அடியில் 1, 2, 3, 4 என்று சுற்றிலும் எண்கள் போட்டிருக்கும், பேனாவே தேவையில்லை. 1 நேராக இருந்த இடத்துக்கு 4 வரும்வரை திருப்பினால் முக்கால் சுத்து முடிந்தது. "தொட்ட மாதிரி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்" என்று கால் சுத்து போய்விட்டு அங்கிருந்து எண்ணினால், முக்கால் ஒன்றாகிவிடும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலும் வண்டிக்கடியில் படுத்திருப்பவருக்குக் குழப்பம் வரும். டப்பாவின் மூடிய அடிப்பக்கத்தை நேராகப் பார்த்தபடி கடிகார முள் போகும் திசையில் சுற்றினால் இறுகும். அது தலைகீழாகத் தொங்கினாலும் படுக்கையாக இருந்தாலும் இதே விதிதான்.

முதல் அரைச் சுத்து சுலபம். கடைசிக் கால் சுத்துக்குக் கை முறுக வேண்டியிருக்கும். கையில் எண்ணெய் இருந்தால் வழுக்கிக்கொண்டே போகும். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, காய்ந்த துணியாலோ ரப்பர் பூச்சுக் கையுறையாலோ பிடியுங்கள். 'மாட்டும்போது ஸ்பேனரே தொடக்கூடாது' என்று சிலர் சத்தியம் வாங்குவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கை நுழையாத சந்தில் ஃபில்டர் இருந்தால், அடியில் தொப்பி மாதிரி மாட்டும் ரெஞ்சைப் போட்டு, கோட்டைப் பார்த்துக்கொண்டே மிச்சக் கால் சுத்தை முடிக்கலாம். கோட்டைப் பார்க்காமல் நீளப் பிடி போட்டு இழுப்பதுதான் தப்பு. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு: கார்களின் கையேட்டில் இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 18 நியூட்டன் மீட்டர் வரைதான் கொடுத்திருப்பார்கள், வீல் நட்டுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கு. இந்த ஒரு வேலைக்காக அந்தக் கருவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

மாட்டுவதற்கு முன்

இறுக்கம் சரியாக இருந்தும் ஒழுகினால் பெரும்பாலும் தவறு இங்கேதான் நடந்திருக்கும்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூட்டில் வெந்து கறுத்துப்போன ரப்பர் இரும்போடு இரும்பாகத் தெரியும், கண்ணுக்குப் படாது, நகத்தால் சுரண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் மேலேயே புதியதை மாட்டினால் ரப்பர் மேல் ரப்பர். கையில் நன்றாக இறுகியதாகத்தான் தெரியும், ஐடிலில் ஒழுகாமலும் நிற்கலாம். ரேஸ் கொடுத்து அழுத்தம் ஏறியதும் ஒரு வளையம் வழுக்கி வெளியே பிதுங்கும், சில நிமிடங்களில் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, காலி. ஆயில் மாற்றிய அன்றே எஞ்சின் ஜாம் ஆன கதைகளைக் கேட்டால், பலவற்றில் இந்த இரட்டை ரப்பர் ஒளிந்திருக்கும்.

அடுத்தது, புது ரப்பரில் விரலால் புது ஆயிலைத் தடவுவது. ஒரு சொட்டு போதும். காய்ந்த ரப்பர் எஞ்சின் முகத்தில் தேய்ந்து இழுபடும், முறுக்கிக்கொள்ளும். பாதி வழியிலேயே கைக்கு இறுகிவிட்டதாகத் தோன்றும், உண்மையில் சரியாக நசுங்கியிருக்காது. அடுத்த முறை கழற்றவும் வராது. கிரீஸ் வேண்டாம், ஆயிலே போதும்.

நம் கரையோரத்துக்கு மணல் ஒரு தனிப் பிரச்சினை. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பாம்பனிலோ மண்டபத்திலோ திறந்த வாசலில் வேலை செய்தால், ஆயில் தடவிய ரப்பரில் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு மணல் ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே சிக்கினால் போதும், அதன் பக்கத்தில் ஆயிலுக்கு ஒரு வாய்க்கால் கிடைத்துவிடும். ஃபில்டரை அட்டைப் பெட்டியிலிருந்து கடைசி நிமிடத்தில் எடுங்கள், தரையில் வைக்காதீர்கள், ஆயில் தடவியதும் உடனே மாட்டிவிடுங்கள். எஞ்சின் முகத்தைப் பஞ்சு உதிராத சுத்தத் துணியால் துடையுங்கள். மணல் பட்ட ஃபில்டரின் உள்பக்கத்தை ஊதிச் சுத்தம் செய்து மாட்டுவதும் சரியில்லை. நடு ஓட்டைக்குள் விழுந்த மணல் வடிதாளைத் தாண்டிய பக்கத்தில் கிடக்கிறது, அதை இனி வடிகட்ட எதுவும் கிடையாது, நேராக பேரிங்குக்குத்தான் போகும். மணல் தரையில் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி சாயும், ஹாலோ பிளாக் உடையும். சிமெண்டுத் தரையும் நல்ல ஸ்டாண்டும் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம்.

கடையில் 'இதுவும் சேரும்' என்று வேறு ஃபில்டரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். 20 மி.மீ. மரையோடு முக்கால் அங்குல மரையும் சந்தையில் புழங்குகிறது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சிறிய தண்டில் பெரிய மரை ஃபில்டர் சுற்றி ஏறிவிடும், இறுகியது போலவும் காட்டும். ஆனால் பற்கள் நுனியில்தான் கவ்வியிருக்கும். மேலே போட்ட 165 கிலோ கணக்கு இப்போது நினைவுக்கு வரட்டும். ஏற்றும்போது ஃபில்டர் பக்கவாட்டில் ஆடுகிறதென்றால் கழற்றி எடுத்து வண்டியின் பாக நம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதிகமானால், குறைந்தால்

குறைவாக இறுக்கினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்: அதிர்வில் தளர்ந்து, முதலில் கசிவு, பிறகு ஒழுக்கு. அதிகமாக இறுக்கினால் ஆவது உடனே கண்ணில் படாது, அதனால்தான் அது தப்பாகவே தோன்றுவதில்லை. ரப்பர் பிதுங்கி வலுவிழக்கும். அடித்தட்டு வளையலாம். அடுத்த முறை கழற்றப்போனால் அசையாது. செயின் போட்டு இழுக்க டப்பா நசுங்கும், பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நெம்புவார்கள், தகரம் கிழிந்து மரைத் தட்டு மட்டும் எஞ்சினில் நிற்கும்.

உப்புக்காற்று இருக்கிற ஊரில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஃபில்டர் டப்பா பெயிண்ட் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. செயின் ஸ்பேனர் போட்டு மாட்டினால் பெயிண்ட் கிழிபடும். பாம்பன் பாலத்து இரும்பையே விடாமல் அரிக்கிற காற்று, அந்தக் கீறலை விட்டுவைக்குமா? வண்டியின் அடியில், சக்கரம் தெறிக்கும் ஈரத்துக்கு நேராக இருக்கும் ஃபில்டரில் துரு சீக்கிரம் ஏறும். அதனால் ராமேஸ்வரம் பக்கத்து வண்டிகளுக்குக் கிலோமீட்டர் மட்டும் பார்க்காமல், கையேட்டில் போட்டிருக்கும் மாதக் கணக்கையும் பார்த்து மாற்றுவது நல்லது. குறைவாக ஓடி வாசலிலேயே நிற்கும் வண்டிக்கு இது இன்னும் பொருந்தும்.

எல்லா ஃபில்டரும் டப்பா இல்லை

சில கார்களில் வெறும் தாள் உருளை மட்டும் மாறும், அது உட்காரும் கூடும் மூடியும் வண்டியிலேயே இருக்கும். அங்கே முக்கால் சுத்துக் கணக்கு செல்லாது. மூடி அதன் இருக்கையில் போய் முட்டி நிற்கும், ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் பக்கவாட்டில் அடைக்கும். பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் அதன் மேலேயே எண் பொறித்திருக்கும், பல வண்டிகளில் 25 நியூட்டன் மீட்டர். மூடி விரிசல் விட்டால் செலவு ஃபில்டர் விலையோடு நிற்காது. டார்க் ரெஞ்சுக்கு உண்மையில் வேலை இருக்கிற இடம் இதுதான். பைக்குகளில் பலவற்றில் சின்ன மூடியை இரண்டு மூன்று போல்ட் பிடித்திருக்கும், அலுமினிய மரை என்பதால் பிடி குட்டையான ஸ்பேனரே போதும்.

படகு எஞ்சின்களுக்கும் இதே அடிப்படைதான், அளவுதான் பெரிது. பழைய டீசல் எஞ்சின்களில் நடுவே நீளப் போல்ட் போட்ட கிண்ண வகையும் உண்டு, அதற்கு அந்த எஞ்சினின் கையேடுதான் பேச வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளின் எஞ்சின் வேலை மும்முரமாக நடக்கும். அப்போது மாட்டிய ஃபில்டர் பல நாள் ஓடாமலே இருக்கும். கடலுக்குள் போன பிறகு ஒழுக்கைக் கண்டுபிடிப்பதைவிட, தடைக்காலம் முடியும் முன் கரையிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவது எவ்வளவோ மேல்.

ஸ்டார்ட் செய்த பிறகு

ஆயில் ஊற்றி, ட்ரெயின் நட்டு இறுகியிருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு எஞ்சினைப் போடுங்கள். ரேஸ் கொடுக்காதீர்கள். ஃபில்டர் காலியாக இருப்பதால் ஆயில் விளக்கு சில விநாடிகள் எரிந்துவிட்டுத்தான் அணையும். அணையவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு டார்ச் அடித்து ஃபில்டரின் விளிம்பைப் பாருங்கள். பிறகு நிதானமாகக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து இன்னொரு முறை பாருங்கள். மாட்டும்போது சிந்திய ஆயிலை முன்பே துடைத்து வைத்திருந்தால்தான் இப்போது தெரிவது பழசா புதுசா என்று சொல்ல முடியும்.

நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஃபில்டர் குடித்துக்கொண்ட அளவுக்கு மட்டம் இறங்கியிருக்கும், அதை நிரப்புங்கள். அடுத்த நாள் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு பார்வை. ஈரம் தெரிந்தால் சூட்டோடு இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று கை போகும். போக வேண்டாம். கழற்றிப் பார்த்தால் இரட்டை ரப்பரோ, மணலோ, முறுக்கிய வளையமோ காரணமாகத் தெரியும்.

ஃபில்டர் டப்பா அடிப்பக்கம் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு வந்தால் அதற்கும் இறுக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஆயில் பம்ப்பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு சிக்கியிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இறக்கிய ஆயிலை மணலில் ஊற்றாதீர்கள். இங்கே தோண்டினால் சில அடியிலேயே தண்ணீர், அந்தப் பக்கம் மன்னார் வளைகுடாவின் கடல் தேசியப் பூங்கா. ஒரு கேனில் அடைத்து, பழைய ஆயில் சேர்த்துவைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய ஃபில்டரையும் ஓர் இரவு கவிழ்த்து வடியவிட்டுச் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

புது டப்பாவின் மேல் மாட்டிய தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் எழுதுங்கள். நீங்கள் இறுக்கியது சரியா என்பதற்கு விடை அடுத்த முறை அதைக் கழற்றும்போது கிடைக்கும். சூட்டில் ரப்பர் கொஞ்சம் பிடித்திருக்கும் என்பதால் முதல் அசைவுக்கு ரெஞ்ச் தேவைப்படலாம், அதன்பின் கையால் கழன்று வர வேண்டும். கழற்றிய ரப்பரைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் ஒரே அகலத்தில் தட்டையாகப் படிந்திருந்தால் அளவு சரி. ஓரம் பிதுங்கி வெட்டுப்பட்டிருந்தால் அடுத்ததைத் தொட்ட இடத்திலிருந்து இன்னும் கவனமாக எண்ணுங்கள்.